பித்தநாள அடைப்பை உள்ளிருந்து சுடுவதா, நன்றாக வடித்தால் போதுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு வயது 71. கல்லீரலை விட்டுப் பித்தநாளம் வெளியேறும் இடத்தில் புற்றுநோய். அறுத்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாயான பிளாஸ்டிக் ஸ்டென்ட் இரண்டு முறை வைத்தும் காமாலை முழுதாக இறங்கவில்லை. இப்போது எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளே போய்க் கட்டியைச் சுட்டுவிட்டு உலோக ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார் மருத்துவர். இது ஆபத்தில்லாததா, பலன் தருமா என்று கேட்கிறீர்கள். அதற்குக் கீழே, மெடிக்கல் எய்ட், அதாவது உங்கள் மருத்துவக் காப்பீடு, சுடுவதற்குப் பணம் தர மறுத்துவிட்டது என்றும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் வீட்டின் பேரில் கடன் வாங்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: இதைச் செய்யாமல் விட்டால் அப்பாவின் ஆயுளை நானே குறைத்தவள் ஆவேனா? அந்தக் கேள்விக்கு என் பதில், இல்லை. ஏன் என்பதைச் சொல்ல இடம் வேண்டும்; பொறுமையாகப் படியுங்கள்.

நான் மதுரையில் படித்து, டர்பனுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் குழாய்களுக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருப்பவன். ஸ்டென்ட் வைப்பது என் அன்றாட வேலை. சுடுவதை நானும் செய்திருக்கிறேன். ஆனால் எண்ணிக்கை இருபதைத் தாண்டாது. உங்கள் அப்பாவின் ஸ்கேன் படத்தை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாட்டி, "அந்தக் காலத்தில் ஊரில் காமாலைக்குக் கையில் சூடு போடுவார்களே, அதையா செய்யப்போகிறார்கள்?" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன்; ஆனால் பாட்டி கேட்டது அவ்வளவு தவறில்லை. அந்தச் சூட்டுக்கும் இதற்கும் உறவு இல்லை என்றாலும், சூடு என்றதும் நோய் எரிந்து போய்விடும் என்று மனம் நம்புவது இரண்டிலும் ஒன்றுதான். உள்ளே நடப்பது இது: எண்டோஸ்கோப்பியை வாய் வழியாக முன்சிறுகுடல் வரை கொண்டுபோய், பித்தநாளத்தின் வாயில் மெல்லிய கம்பி ஒன்றை நுழைக்கிறோம். அந்தக் கம்பியின் மேல், மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள ஒரு குழாயைச் சறுக்கிவிட்டு அடைப்புக்குள் நிறுத்துகிறோம். அதன் நுனியில் இரண்டு உலோக வளையங்கள். ரேடியோ அலை மின்சாரம் ஒரு வளையத்திலிருந்து மற்றொன்றுக்குத் தசை வழியாகப் பாய்கிறது. அந்த இடம் வெந்து சாகிறது. 7 முதல் 10 வாட், ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம். ஒரு தடவைக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அடைப்பு நீளமாக இருந்தால் குழாயைச் சற்று இழுத்து மறுபடியும் சுட வேண்டும். பிறகு வெந்து உதிர்ந்ததை பலூனால் வழித்தெடுத்துவிட்டு ஸ்டென்ட் வைப்போம். வெப்பம் சுவருக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். குழாயைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் வேர்விட்டிருக்கும் புற்று அப்படியே இருக்கும். ஆக, இது புற்றுநோயை ஒழிக்கும் சிகிச்சை அல்ல. வழியைச் சற்று அகலப்படுத்தும் முயற்சி. உங்கள் மருத்துவர் இதைத் தெளிவாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரிய வேண்டும் போலிருக்கிறது.

இனி உறுதியானதைச் சொல்கிறேன். இந்த நோயில் ஆளை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் கட்டி அல்ல. தேங்கிய பித்தமும் அதில் ஏறும் கிருமியும்தான். பித்தம் வடிந்தால் அரிப்பு அடங்கும், பசி எடுக்கும், தூக்கம் வரும், கீமோவுக்கு உடம்பு தாங்கும். இதில் எவருக்கும் ஐயம் இல்லை. அதிலும் உங்கள் அப்பாவின் அடைப்பு இருப்பது கல்லீரலின் இடது, வலது கிளைகள் சேரும் சந்தியில். 1965-இல் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் இதை விரிவாக எழுதியதால் கிளாட்ஸ்கின் கட்டி என்றே இதற்குப் பெயர். அந்த இடத்தில் ஒரே ஒரு ஸ்டென்ட் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் வடியலாம். மறுபக்கம் தேங்கிக் கிடக்கும். கல்லீரலின் கன அளவில் பாதிக்கு மேல் வடியும்படி வைக்க வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதற்கு இரண்டு, சில நேரம் மூன்று ஸ்டென்ட் தேவைப்படும். வாய் வழியாக எட்டாத கிளையை விலாவுக்கு இடையே ஊசி விட்டு எக்ஸ்ரே மருத்துவர் வடிப்பார். இரண்டு முறை ஸ்டென்ட் வைத்தும் காமாலை இறங்கவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, சுட வேண்டுமா என்பதல்ல. எந்தக் கிளை இன்னும் வடியவில்லை என்பதுதான்.

இடையில் ஒன்று: சென்னையில் இருக்கும் உங்கள் சித்தப்பா, பிலிரூபின் (காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறப் பொருள்) 240 என்று கேட்டு அலறியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே மிலிகிராம் கணக்கு, இங்கே மைக்ரோமோல். ஒரு மிலிகிராம் இங்கே ஏறத்தாழ 17. ஆக 240 என்பது அவர் கணக்கில் 14. அதுவும் மிக அதிகம்தான், ஆனால் அவர் பயந்த அளவு அல்ல. கீழாநெல்லி அனுப்புவதாகச் சொன்னாரே, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழாய் அடைத்திருக்கும்போது எந்தச் சாறும் அதைத் திறக்காது.

சரி, சுட்டால் ஆயுள் கூடுமா? இங்கேதான் ஐயம் தொடங்குகிறது. இதைப் புரிந்துகொள்ள, சூட்டுக்கு முன் வந்த ஒளிச் சிகிச்சையின் கதை உதவும். ஒளியை உறிஞ்சும் மருந்தை ரத்தத்தில் ஏற்றி, இரண்டு நாள் கழித்துப் பித்தநாளத்துக்குள் சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சினால் மருந்து ஏறிய கட்டி அழியும். 2003-இல் வெளிவந்த ஆய்வில் 39 பேர். ஸ்டென்டுடன் ஒளியும் பெற்றவர்களில் பாதிப் பேர் 493 நாட்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். ஸ்டென்ட் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 98 நாட்களுக்குள் போய்விட்டார்கள். வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்தோம். பிறகு பிரிட்டனில் 92 பேரை வைத்துச் செய்தார்கள். அதையும் பாதியில் நிறுத்தினார்கள், ஆனால் காரணம் தலைகீழ்: ஒளி பெற்றவர்கள் 6.2 மாதம், பெறாதவர்கள் 9.8 மாதம்.

ஒரே சிகிச்சை எப்படி ஓரிடத்தில் அமுதமாகவும் இன்னோரிடத்தில் நஞ்சாகவும் தோன்றும்? முதல் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள், ஸ்டென்ட் வைத்தும் பிலிரூபின் சரியாக இறங்காதவர்கள். அவர்களில் ஒரு பாதியை அதே நிலையில் விட்டுவிட்டு மறுபாதிக்கு ஒளி கொடுத்தார்கள். 98 நாள் என்பது ஸ்டென்டின் பலன் அல்ல, வடியாத ஸ்டென்டின் பலன் என்பதுதான் என் வாசிப்பு. ஓடாத வண்டியோடு பந்தயம் விட்டால் எந்த வண்டியும் ஜெயிக்கும். போகட்டும், ஒளிச் சிகிச்சை பெற்றவர் வாரக்கணக்கில் வெயிலில் தலைகாட்டக் கூடாது. டர்பனின் ஜனவரி வெயிலில் ஒருவரை அத்தனை வாரம் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார வைப்பது, அவருக்கு மிஞ்சியிருக்கும் மாதங்களில் ஒன்றிரண்டைப் பிடுங்குவதற்குச் சமம்.

இப்போது சூட்டுக்கு வருவோம். பித்தநாளத்துக்கென்றே செய்த குழாயை வைத்து 22 பேருக்குச் செய்த முதல் அறிக்கை 2011-இல் லண்டனிலிருந்து வந்தது. செய்ய முடியும், பெரும்பாலும் தாங்குகிறார்கள் என்பதைத்தான் அது காட்டியது. பிறகு சீனாவிலிருந்து நல்ல செய்திகள் வந்தன. 2021-இல் வெளிவந்த ஆய்வில் 174 பேர். ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்கள் 9.2 மாதம், சுட்டுவிட்டு வைத்தவர்கள் 14.3 மாதம். ஐந்து மாத வேறுபாடு. உங்கள் மருத்துவர் மனத்தில் இருப்பது அநேகமாக இந்தக் கணக்குதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது: சுட்டவர்களின் ஸ்டென்ட் கூடுதல் காலம் திறந்திருக்கவில்லை. வழியைத் திறந்து வைப்பதற்காகத்தானே சுடுகிறோம்? வழி கூடுதல் நாள் திறந்திருக்காமல் ஆயுள் மட்டும் எப்படிக் கூடியது? வெந்து செத்த கட்டியின் துணுக்குகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகின்றன என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அழகான விளக்கம். மனிதர்களிடம் நிரூபிக்கப்படாத விளக்கம்.

2023-இல் செக் நாட்டின் பிராகிலிருந்து வந்த ஆய்வில் 161 பேர். அங்கே உலோக ஸ்டென்ட் வைத்தார்கள். பாதிப் பேருக்குச் சுட்டுவிட்டு, பாதிப் பேருக்குச் சுடாமல். ஆயுளிலும் வேறுபாடு இல்லை, ஸ்டென்ட் திறந்திருந்த காலத்திலும் இல்லை. பித்தநாளப் புற்றிலும் இல்லை, கணையப் புற்றிலும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு வைக்கப்போவது உலோக ஸ்டென்ட் என்பதால் இந்த முடிவுக்குத்தான் நான் கூடுதல் எடை கொடுப்பேன். சீன ஆய்வு பொய் என்று சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சுட்டால் ஆயுள் கூடும் என்று ஒரு குடும்பத்திடம் வாக்குக் கொடுக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். கூடாது என்று சத்தியம் செய்யவும் முடியாது.

ஆபத்து பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சுட்டாலும் சுடாவிட்டாலும் ஈ.ஆர்.சி.பி., அதாவது எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்துக்குள் நுழைவது, அதைச் செய்வதிலேயே ஆபத்து உண்டு: கணைய அழற்சி, ரத்தக் கசிவு, வடியாத கிளையில் கிருமி ஏறிக் குளிர்காய்ச்சல். சூடு இதன்மேல் சிலவற்றைச் சேர்க்கிறது. பித்தப்பையின் குழாய் பித்தநாளத்தோடு சேரும் இடத்தில் வெப்பம் பட்டால் அந்த வாசல் வீங்கி மூடிக்கொள்ளும். பித்தப்பைக்குள் சீழ் கட்டும். சீன ஆய்வில் சுட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இப்படிப் பித்தப்பை அழற்சி வந்தது. சுடாதவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. பித்தநாளத்தை ஒட்டியே கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுகிறது. அதன் சுவர் வெந்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து, ஆள் வீட்டில் நன்றாக இருக்கும்போது பித்தநாளத்துக்குள் ரத்தம் பீறிடலாம். அரிதுதான், ஆனால் உயிரிழப்பும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் சுடுவதற்கு முன் தமனி எங்கே ஓடுகிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும், சந்தியில் வாட்டைக் குறைக்க வேண்டும். இதய பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருக்குச் சுட்டேன். படத்தில் அவ்வளவு அழகாகத் திறந்தது. மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் நாள் வயிற்று வலியோடு திரும்பி வந்தார். பித்தப்பை வீங்கிச் சீழ். தோல் வழியாகக் குழாய் விட்டு வடித்தோம். பிழைத்துக்கொண்டார், ஆனால் கீமோ ஆறு வாரம் தள்ளிப்போனது. அந்த ஆறு வாரத்தை அவருக்கு நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து, பித்தப்பை இன்னும் உள்ளே இருக்கிறதா, அதன் வாசல் அடைப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் நான் அந்தக் குழாயைக் கையில் எடுப்பதில்லை.

கீமோ என்றேன், இந்த நோயில் ஆயுளைக் கூட்டும் என்று திடமான சான்று அதற்கு உள்ளது. 2010-இல் 410 பேரை வைத்துச் செய்த பிரிட்டிஷ் ஆய்வில் ஜெம்சிட்டபின் மட்டும் பெற்றவர்கள் 8.1 மாதம், அதோடு சிஸ்பிளாட்டினும் சேர்த்துப் பெற்றவர்கள் 11.7 மாதம். பெரிய எண்களாகத் தோன்றாது. ஆனால் இதை ஐயமின்றிச் சொல்ல முடிகிறது. அதைத் தொடங்கப் பிலிரூபின் இறங்க வேண்டும். ஆக மறுபடியும் வடிப்பதில்தான் வந்து நிற்கிறோம்.

இன்னொன்றையும் கேட்காமல் விடாதீர்கள்: புற்றுநோய் என்று தசைத் துணுக்கில் உறுதி செய்துவிட்டார்களா? பித்தநாளத்துக்குள் பிரஷ் விட்டு எடுக்கும் மாதிரி பல நேரம் ஒன்றும் சொல்லாது. படத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் காசநோய் எங்கும் உண்டு. கல்லீரல் வாசலில் இருக்கும் நிணநீர்க் கணு காசநோயால் வீங்கிக் குழாயை அழுத்தினால் பார்ப்பதற்குப் புற்று போலவே இருக்கும். எதிர்ப்புச் சக்தி திசைமாறி வரும் ஒருவகை அழற்சியும் அப்படியே நடிக்கும். அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை போதும். உங்கள் அப்பாவுக்கு அப்படி இருக்கும் என்று நம்பிக்கை ஊட்டவில்லை. உறுதி செய்யாத ஒன்றைச் சுடுவதும், அதன் மேல் கழற்ற முடியாத உலோக ஸ்டென்டை வைப்பதும் திரும்பி வர முடியாத வழி என்பதால் சொல்கிறேன்.

அப்படியானால் யாருக்குமே சுட வேண்டாமா? நான் சுட நினைப்பது பெரும்பாலும் ஒரே சூழ்நிலையில்: ஏற்கனவே உலோக ஸ்டென்ட் வைத்து நன்றாக இருந்தவர், சில மாதம் கழித்து அதன் வலைக்கண்கள் வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்து மறுபடியும் அடைத்துக்கொண்டால். அதற்குள்ளே இன்னொரு ஸ்டென்டைத் திணிப்பதற்கு முன் உள்வளர்ச்சியைச் சுட்டு வழி செய்வதில் அர்த்தம் இருக்கிறது. அங்கேயும் வளையங்கள் ஸ்டென்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டால் மின்சாரம் தசையில் பாயாமல் வேறெங்கோ ஓடிவிடும், கவனம் வேண்டும். கூடவே, நல்ல உடல்நிலையில் உள்ளவர், குட்டையான அடைப்பு, சந்திக்குக் கீழே, பித்தப்பை முன்பே எடுக்கப்பட்டவர் என்றால், ஆய்வு ஒன்றில் சேர்ந்து செய்துகொள்வதை நான் தடுக்க மாட்டேன். உங்கள் அப்பா விவரத்தில் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தவில்லை.

பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். 1998-இன் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி எந்த மெடிக்கல் எய்டும் மறுக்க முடியாத குறைந்தபட்சப் பலன்கள் உண்டு. இங்கே எல்லாரும் பி.எம்.பி. என்று சொல்வது அதைத்தான். கல்லீரல், பித்தநாளம், கணையம் ஆகியவற்றில் 'சிகிச்சைக்குரிய' புற்றுநோய் அதில் அடங்கும். நோய் தோன்றிய உறுப்பிலேயே நிற்கிறதா, தொலைவில் பரவியிருக்கிறதா, உறுப்புக்கு மீளாச் சேதம் செய்துவிட்டதா என்பவற்றை வைத்து அந்தச் சொல்லுக்கு வரையறை கொடுத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான அவசர நிலையும் பி.எம்.பி.தான். ஆகவே ஸ்டென்டுக்கோ, கிருமி ஏறிய காய்ச்சலுக்கான அவசரச் சிகிச்சைக்கோ பணம் மறுத்தால் விடாதீர்கள். மருத்துவரிடம் காரணக் கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள், அதற்கும் மசியாவிட்டால் மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் அமைப்பான கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸிடம் புகார் கொடுங்கள். ஆனால் சுடுவதற்கு மட்டும் பணம் தர மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அந்த இடத்தில் அவர்கள் பக்கம் சான்று இருக்கிறது. பாட்டன் கரும்புத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்ததில் வாங்கிய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சூட்டுக்காக அதை அடகு வைக்க வேண்டாம்.

வடிப்பதே முக்கியம் என்பதற்குத் தென்னாப்பிரிக்க மருத்துவர்களிடமிருந்து ஒரு பழைய துணையும் உண்டு. 1972-இலேயே கேப் டவுனைச் சேர்ந்த டெர்பிளான்ஷ், சாண்டர்ஸ், லோ மூவரும் இதே சந்தியில் வரும் கட்டியைப் பற்றி எழுதினார்கள். எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைக்கும் வழக்கமே அப்போது இல்லை. கட்டியை எடுக்க முயலாமல், அதன் நடுவே ஒரு குழாயைச் செருகி வடித்துவிட்டே நோயாளிகளை நீண்ட காலம் நல்லபடி வைத்திருக்க முடிந்தது என்று காட்டினார்கள். கருவிகள் மாறிவிட்டன. நான் இன்றும் செய்வது ஏறத்தாழ அதையேதான்.

ஆகவே அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சுடுவதைப் பற்றிப் பேச்சைத் தொடங்காதீர்கள். ஸ்கேன் படத்தைத் திரையில் போடச் சொல்லி, எந்தக் கிளை வடிகிறது, எது வடியவில்லை, எத்தனை ஸ்டென்ட் வைத்தால் பாதிக்கு மேல் வடியும், வாய் வழியாக முடியாவிட்டால் விலா வழியாக யார் செய்வார்கள் என்று கேளுங்கள். புற்றுநோய் மருத்துவர், அறுவை மருத்துவர், எக்ஸ்ரே மருத்துவர் எல்லாரும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில் அப்பாவின் படத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். தனியாரிடம் அந்தக் கூட்டம் இல்லையென்றால், அரசுப் பரிந்துரை மருத்துவமனைக்குக் கடிதம் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. வரிசை நீளம், ஆனால் இந்தக் குழாய்களை அதிகம் பார்த்த கைகள் பல அங்கேதான் இருக்கின்றன. அதற்குப் பிறகும் அவர் சுடத்தான் வேண்டும் என்றால், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், பித்தப்பைக்கு என்ன செய்யப்போகிறார் என்ற இரண்டையும் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

அதுவரை வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். அப்பாவுக்கு உடம்பு நடுங்கிக் குளிர் எடுத்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, பேச்சு குழறினாலோ, மலம் கருத்துப் போனாலோ, அது சனிக்கிழமை இரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், "பித்தநாளத்தில் ஸ்டென்ட் இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஸ்டென்ட் போன வாரம்தானே வைத்தார்கள் என்று திங்கட்கிழமை வரை பொறுக்காதீர்கள்.